நீலகிரியில் கேமராவை நம்பிப் பிழைக்க: ஈரம், மூடுபனி, பழைய நெகடிவ்

நீலகிரியில் தங்கி இயற்கைப் படம் எடுக்கப் போகிறேன் என்று வருகிறவர்களிடம் என்ன லென்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதைவிட, அதை ராத்திரி எதற்குள் வைக்கிறீர்கள் என்று கேட்பது உபயோகமான கேள்வி. ஜூன் பிறந்தால் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்ததும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை. மழை இல்லாத நாளிலும் மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறி வந்து ஜன்னலில் உட்கார்ந்துகொள்ளும். மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்காத வீடுகள் இங்கே நிறைய. லென்ஸில் பூஞ்சை முளைக்க 70 போதும்.

பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க லென்ஸைக் கழற்றி, வெளிச்சம் நுழையும் துளையான அபெர்ச்சர் திறந்த நிலையில், பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சைச் சற்றுச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தூசி. படத்தில் அது தெரியாது, விட்டுவிடலாம். கண்ணாடி முழுக்க ஒரே சீரான மங்கல் என்றால் உள்ளே இருக்கும் கிரீஸ் ஆவியாகிப் படிந்திருக்கிறது. விளிம்பிலிருந்து நடுவை நோக்கிக் கிளைவிட்டு ஓடும் மெல்லிய இழைகள் தெரிந்தால் அதுதான் பூஞ்சை. இழை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும் என்பதால், தாமதமாகத் துடைத்தால் பூஞ்சை போனாலும் தடம் நிற்கும். ஆரம்பத்திலேயே கொடுத்தால் சர்வீஸ்காரர் பிரித்துச் சுத்தம் செய்துவிடுவார். ஒன்றோடொன்று ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே புகுந்துவிட்டால் அந்தத் தொகுதியையே மாற்ற வேண்டும். பல லென்ஸுகளில் அதற்கு ஆகும் செலவில் பழைய லென்ஸ் ஒன்றே வாங்கிவிடலாம். வெயிலில் காய வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். வேண்டாம். புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைக் கண்ணாடியே தடுத்துவிடும். சூட்டில் உள்ளே கிரீஸ் இளகி அபெர்ச்சர் தகடுகளில் பரவுவதுதான் மிச்சம்.

லென்ஸை ஈரமில்லாமல் வைக்கும், மின்சாரத்தில் ஓடும் டிரை கேபினட் என்ற அலமாரி நல்லதுதான். ஆனால் மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஊர் இது. ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத 15 முதல் 20 லிட்டர் டப்பா ஒன்று, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணி 500 கிராம், ஈரப்பதத்தைக் காட்டும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று. இது போதும், கேபினட் வைத்திருப்பவர்களுக்கும் மாற்று ஏற்பாடாக இருக்க வேண்டும். ஜெல் வாங்கும்போது ஈரம் ஏறினால் ஆரஞ்சிலிருந்து கரும்பச்சையாக மாறும் வகையைக் கேளுங்கள். நீலத்திலிருந்து ரோஸாக மாறுவதில் கோபால்ட் குளோரைடு இருக்கும்; வீட்டில் குழந்தைகள் இருந்தால் அது கூடாது. மணிகளை அப்படியே கொட்டாமல் பழைய காட்டன் துணிப்பையில் கட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் அவற்றின் தூள் லென்ஸ் ஜாயின்ட்டுக்குள் போகும்.

ஹைக்ரோமீட்டர் காட்டும் எண்ணை நம்புவதற்கு முன் ஒரு சோதனை. பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பை நிரப்பி, குழைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, அதையும் ஹைக்ரோமீட்டரையும் சின்ன டப்பாவில் சேர்த்து மூடி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் கருவி 5 கூட்டிச் சொல்கிறது. அதை ஸ்டிக்கரில் எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவிடலாம். லென்ஸ் டப்பாவுக்குள் 40 முதல் 50 வரை இருந்தால் சரி. புதிதாக வறுத்த ஜெல்லை அள்ளிப் போட்டு 20க்கு இறக்குவதும் தப்பு. ரப்பர் பாகங்களுக்கும் கிரீஸுக்கும் அவ்வளவு வறட்சி ஆகாது.

ஜெல் பச்சையானதும் மின்சார ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். 120க்கு மேல் போனால் சாயம் கருகி, அதன்பிறகு நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஓவன் இல்லையென்றால் சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலியில் சிம்மில் வைத்துக் கிளறலாம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மணிகள் பட்பட்டென்று வெடித்து உடையும். ஆறவைக்கிறேன் என்று திறந்து வைக்கவும் கூடாது. ஆறும் நேரத்துக்குள் பாதி ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். கைபொறுக்கும் சூட்டில் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, முழுக்க ஆறியபின் டப்பாவுக்கு மாற்ற வேண்டும்.

மர அலமாரிக்குள் 40 வாட் குண்டு பல்பு எரியவிடும் பழைய வழக்கம் முட்டாள்தனமில்லை, அதில் கணக்கு இருக்கிறது. 15 டிகிரி அறையில் 90 சதவீத ஈரப்பதம் இருக்கும் காற்றை 25 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 50க்குக் கீழே வந்துவிடும். 20 டிகிரி வரை மட்டும் ஏறினால் 65ல் நிற்கும், அது போதாது. அதனால் பல்பு வைப்பவர்கள் உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் வைக்க வேண்டும். எல்இடி பல்பு மாட்டினால் வெளிச்சம் வரும், சூடு வராது. கேமரா பையிலேயே லென்ஸை வைத்து மூடிவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பைக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் விடாது. தோல் உறையும் அப்படித்தான்.

அடுத்தது லென்ஸ் வியர்ப்பது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மசினகுடி ஏறத்தாழ 1,000 மீட்டர். விடியற்காலை 8 டிகிரியில் குளிர்ந்து கிடந்த லென்ஸோடு கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கினால், கீழே இருக்கும் வெதுவெதுப்பான காற்று பட்டதும் முன்கண்ணாடியில் மட்டுமல்ல, உள் கண்ணாடிகளிலும் நீர் கோக்கும். துணியால் துடைத்தால் வெளியே இருப்பது போகும், உள்ளே இருப்பது போகாது. கிளம்பும் முன்பே, மேலேயே, கேமராவை ஜிப் வைத்த காற்றுப்புகாத பையில் போட்டு மூடிவிட வேண்டும். இறங்கியபின் பையின் வெளிப்புறம் வியர்க்கும், உள்ளே ஒன்றும் ஆகாது. பெரிய டெலிலென்ஸ் வெளிச்சூட்டுக்கு வர முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை திறக்காதீர்கள், எதிரில் யானையே நின்றாலும். டீக்கடைக்குள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவதிலும் இதே தொல்லை உண்டு. பாய்லர் ஆவி ஒன்றே போதும்.

ஜூம் லென்ஸ் வாங்குகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளும் வகை, ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. மூட்டத்துக்குள் நின்று அதை இழுத்து இழுத்துத் தள்ளினால் ஈரத்தை நாமே பம்ப் செய்கிறோம் என்று அர்த்தம். சோனி 200-600, நிக்கான் 180-600 போல நீளம் மாறாத உள்ஜூம் வகை இந்த மலைக்கு ஏற்றது. எடைதான் கொஞ்சம் கூடுதல். மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. மழை பிடித்தபின் கடையில் கவர் வாங்கிக் கேமராவை மூடலாம் என்ற எண்ணம் பலிக்காது. ஒழுங்கான ரெயின் கவர், இரண்டு மெல்லிய பருத்தித் துண்டு, நாலைந்து மைக்ரோஃபைபர் துணி, ஒரு ஊதுபந்து. முன்கண்ணாடியில் துளி விழுந்தால் முதலில் ஊதித் தள்ளிவிட்டுத்தான் ஒற்ற வேண்டும். சதுப்பில் ட்ரைபாட் ஊன்றினால் அன்றே கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். திருகு பூட்டுக்குள் காய்ந்த களிமண் அடுத்த தடவை வந்து மாட்டிக்கொள்ளும்.

இனி மூடுபனியில் எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு விடும் வெளிச்சத்தின் அளவு. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை மூட்டத்தை அதன் போக்கில் விட்டால் அழுக்குத் துணி நிறத்தில் படம் வரும். எக்ஸ்போஷர் திருத்தத்தைப் பிளஸ் 0.7லிருந்து பிளஸ் 1.3 வரை ஏற்றி, வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தை முட்டாமல் நிறுத்துங்கள். சோலைக்குள், அதாவது மலை மடிப்புகளில் இருக்கும் அடர்ந்த காட்டுக்குள், நுழைந்ததும் கணக்குத் தலைகீழ்: கரிய அடிமரங்களைப் பார்த்து மீட்டர் ஏற்றிவிடும், மைனஸ் 0.7 தேவைப்படும். இந்த இரண்டுக்கும் நடுவே, சோலை விளிம்பில் நிற்கும்போதுதான் படம் அதிகம் கெடுகிறது, ஏனென்றால் முந்தின இடத்தின் திருத்தத்தை மாற்ற மறந்துபோகும். ஆட்டோஃபோகஸ் மூட்டத்தில் முன்னும் பின்னும் அலையும். அடிமரத்தின் விளிம்பு, பாசி தொங்கும் கிளை, இப்படி இருளும் வெளிச்சமும் சந்திக்கும் கோட்டில் ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிடுவது நல்லது. வீட்டுக்கு வந்து எடிட்டிங் மென்பொருளில் டிஹேஸ் ஸ்லைடரை இழுத்து மூட்டத்தைத் துரத்துகிறவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை கிடையாது. மூட்டம் வேண்டாமென்றால் பிப்ரவரியில் வரலாமே.

மழை நின்ற கையோடு சோலைக்குள் லென்ஸில் போலரைசர் ஃபில்டர் மாட்டுங்கள். ஈர இலைகளின் மேல் வானம் பளபளப்பதை அது வெட்டும், பச்சை கெட்டியாகும். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), பாசிக்கும் பெரணிக்கும் ட்ரைபாட் இருப்பதால் கவலையில்லை. பறவைக்கு வரும்போது கழற்றிவிட வேண்டும்.

கோத்தகிரியில் ஊரை ஒட்டியே இருக்கும் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர். 2024ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறை அனுமதியோடு பாதையில் நடக்கலாம். இப்படிப்பட்ட ஒரு சோலையில் கறுப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பானை எடுப்பதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்ற சோலைப் பறவைகளுக்கும் அது பொருந்தும். ஆணுக்குத் தலையும் இறக்கையும் கறுப்பு, மற்றதெல்லாம் ஆரஞ்சு. பெண்ணுக்குத் தலை பழுப்பு. தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரத்துக்குள்ளேயே புதரில் திரியும். துரத்தினால் கிடைக்காது, ஆனால் தன் எல்லையை விட்டு அதிகம் நகராத பறவை. உட்காரும் குச்சிகள் நாலைந்துதான், சுற்றிச் சுற்றி அவற்றுக்கே வரும். முதல் நாள் கேமராவைத் தொடாமல் அந்தக் குச்சிகளை மட்டும் குறித்துக்கொண்டால் நேரம் மிச்சம்.

பிறகு கணக்கு. ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. பிலிம் அளவு சென்சார்) கேமராவில் 400 மி.மீ. லென்ஸோடு 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சட்டத்துக்குள் அரை மீட்டர் அகலம் அடங்கும். 12, 13 செ.மீ. நீளப் பறவை அதில் கால்வாசி வரும். சுற்றிலும் சோலை தெரிய அது சரியான அளவு. அந்தத் தூரத்தில் அபெர்ச்சர் எஃப் 4ல் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 5 செ.மீ.தான், அதனால் கண்ணில் ஃபோகஸ் வைத்தே ஆக வேண்டும். மூட்டமான காலையில் சோலைக்குள் எஃப் 4, நொடியில் 1/100, சென்சாரின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200 என்ற அளவில் வெளிச்சம் இருக்கும். அதே இடத்தில் எஃப் 6.3 லென்ஸ் என்றால் ஐஎஸ்ஓ 8000க்குப் போக வேண்டும். ஷட்டரை 1/60 வரை இறக்கலாம், பறவை குச்சியில் உட்கார்ந்து தலையைத் திருப்பி நிற்கும் அந்த ஒரு நொடியில் மூன்று நான்கு படமாக அடித்தால் ஒன்றாவது அசையாமல் வரும். ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாடோ முட்டுக்கொடுத்த முழங்காலோ வேண்டும். லென்ஸ் பறவையின் கண்மட்டத்துக்கு வர வேண்டுமானால் நீங்கள் தரையில் உட்கார வேண்டும்; தரையில் அட்டை இருக்கும். அட்டைக்கான முழங்கால் காலுறை, ஒரு பொட்டலம் உப்பு. பிய்த்து எறியாதீர்கள், உப்பு பட்டதும் அதுவே விழும்.

குரலை செல்போனில் போட்டுப் பறவையை வரவழைப்பது கூடாது. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து ஆண் பறவை மேய்வதை விட்டுவிட்டு அரைமணி அலையும். கூடு இருக்கும் கோடைக் காலத்தில் அது முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து. கூட்டுக்கு முன்னால் தழையை ஒதுக்கி வழி செய்தால் அதே வழியில் காக்கையும் வரும். சோலைக்கிளிக்கு (பெயர்தான் கிளி, ராபின் போன்ற சிறு பறவை) எதுவுமே செய்ய வேண்டாம். விடிகிற நேரத்திலும் இருட்டுகிற நேரத்திலும் பாதையோரத்துக்குத் தானாகவே இரைதேடி வரும், ஓரமாக அசையாமல் இருந்தால் போதும். நீலகிரிச் சிரிப்பானுக்கு சோலை கூடத் தேவையில்லை. ஊட்டியில் பழச்செடி இருக்கும் தோட்டமே போதும்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள் படம் எடுக்க நுழைய 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் என்ன எடுக்கிறீர்கள், எதற்கு, எத்தனை பேர், எந்தத் தேதி, என்ன வண்டி என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். 'ஆராய்ச்சி' என்று சும்மா ஒரு வார்த்தையைப் போட்டால் ஆராய்ச்சித் திட்டம் எங்கே என்று திருப்பி அனுப்புவார்கள். முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கக்கூடாது, இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்தே கிடையாது. காட்டின்மேல் ட்ரோன் என்ற பேச்சே வேண்டாம். வெலிங்டன், அருவங்காடு பக்கம் ராணுவ இடங்கள் இருப்பதால் ஊருக்குள்ளும் வேண்டாம். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு.

தேயிலைத் தோட்டங்களில் முக்கியமான விலங்கு காட்டுமாடு. குன்னூர், கோத்தகிரி தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் "அக்கா, மாடு இன்னைக்கு எந்தப் பக்கம் நிக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் வரிசைக்குள் இறங்க வேண்டும். செடி இடுப்பளவு இருப்பதால் படுத்திருக்கும் மாடு தெரியாது. தனியாக நிற்கும் காளை பக்கவாட்டில் உடம்பைக் காட்டி மெதுவாக நடந்தாலோ, தலையைத் தாழ்த்தி மூச்சைச் சீறினாலோ படம் போதும், பின்வாங்குங்கள். 30 மீட்டருக்குள் போகாதீர்கள், மேட்டுப்பக்கம் தப்பும் வழி ஒன்று எப்போதும் உங்களுக்கு இருக்கட்டும். கோத்தகிரிப் பக்கம் கரடியும் உண்டு. அந்திக்குப் பிறகு தோட்டத்துக்குள் நடை வேண்டாம்.

உறைபனி டிசம்பர், ஜனவரியில். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் மேட்டில் தேடினால் கிடைக்காது. தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற இடங்களின் பள்ளப் புல்வெளிகளில் கிடைக்கும். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுக்கு மறுநாள். வெயில் பட்டால் சில நிமிடங்களில் உருகிவிடும், ஆகவே கிழக்கில் மேடோ மரமோ இருந்து நிழல் விழும் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் கூடுதல் நேரம் கிடைக்கும். மாற்று பேட்டரியை ஸ்வெட்டருக்கு உள்பையில் வையுங்கள்.

தவளைக்கு இரவு. கிட்டத்தில் எடுக்கும் நூறு மி.மீ. மேக்ரோ லென்ஸ், எஃப் 11, 1/200, வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் வைத்த ஃபிளாஷ். டிஃப்யூசருக்கு டிவி பேக்கிங்கில் வரும் வெள்ளை ஃபோம் தாள் இரண்டடுக்கு போதும். கொசு மருந்து தடவிய கையோடு தவளையைத் தொட்டால் அதன் தோல் மருந்தை உறிஞ்சிவிடும். தொடவே வேண்டாம், இலையைத் திருப்பவும் வேண்டாம். ஒரு தவளைக்கு ஐந்தாறு ஃபிளாஷ் அடித்துவிட்டு நகருங்கள்.

குறிஞ்சியைப் பற்றி ஒரு வரி. 2006, 2018, அடுத்தது 2030 என்று எல்லோரும் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்கள். நீலகிரியில் எல்லாச் சரிவும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை, குறிஞ்சி இனத்திலேயே வேறு வேறு சுழற்சியுள்ள வகைகளும் இருக்கின்றன. 2030க்காகக் காத்திருக்காமல் ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் புல்வெளிச் சரிவுகளைப் பார்த்து வாருங்கள்.

இப்போது நீண்டகாலத் திட்டம் ஒன்று. இந்த மலைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. ஊட்டி இந்து நகரில் 1960ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், இந்து (Indu) என்ற பெயரில் கறுப்பு-வெள்ளை பிலிமும் பேப்பரும் நாடு முழுக்க விற்றது. இப்போது உற்பத்தி இல்லை. குளிரும் தூசியில்லாத காற்றும் பிலிம் தொழிலுக்கு ஏற்றவை என்றுதான் அந்த ஆலை மலையேறியது. அந்தக் காலத்து நெகடிவும் பிரிண்டும் இன்னும் இங்கே வீடுகளில் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. கல்யாணம், பள்ளி ஆண்டுவிழா, தோட்டத்து வரிசை வீடுகளின் முன் குடும்பம். முன்னால் நிற்கும் ஆட்களை விட்டுவிட்டுப் பின்னால் பாருங்கள்: மலைமுகடு, புல்வெளி, சதுப்பு, மரமே இல்லாத சரிவு. இன்று அதே இடத்தில் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் பைனும் அடைத்திருக்கும், அல்லது கேரட் பாத்தி இருக்கும். 1960களில் நிரம்பிய எமரால்டு, அவலாஞ்சி அணைகளுக்கு முந்தைய படம் ஏதேனும் கிடைத்தால் அது பொக்கிஷம்.

பழைய நெகடிவைத் தேடுவதில் அவசரம் உண்டு. பிலிமின் மேல் இருக்கும் ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. லென்ஸைத் தின்னும் அதே ஈரம் இவற்றையும் தின்றுகொண்டிருக்கிறது. ஒட்டிக்கொண்ட நெகடிவுகளை இழுத்துப் பிரிக்காதீர்கள், பூஞ்சை பிடித்ததைத் தண்ணீரில் கழுவவும் கூடாது. பூஞ்சை தாக்கிய ஜெலட்டின் நீரில் கரைந்துபோகும். உலர்ந்த டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு மூன்று நாள் வைத்து, மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, ஓரங்களை மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும். வீட்டுக்காரரிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு வராமல், நெகடிவுக்குப் பின்னாலிருந்து ஒளிவிடும் லைட் பேடும் மேக்ரோ லென்ஸும் கேமராவும் அங்கே கொண்டுபோய் அவர்கள் கண்முன்னாலேயே படம் பிடிப்பது நல்லது. பொருள் தொலையாது, பேச்சும் கிடைக்கும்: இது யார், எந்த வருஷம், எந்தச் சரிவு. அந்தப் பேச்சை ரெக்கார்ட் செய்யக் கேட்டுக்கொள்ளுங்கள். தோடர்களின் ஊரான மந்து, படகர்களின் ஊரான ஹட்டி எதுவானாலும் பெரியவர்களிடம் கேட்டபின்தான் கேமரா வெளியே வர வேண்டும், கோயில் இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளியே நிற்க வேண்டும்.

பழைய படம் எடுத்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் ருசியான வேலை. படத்தை ஏ4 தாளில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அண்மையில் ஒன்று, தொலைவில் ஒன்று என்று இரண்டு மாறாத பொருள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஒரு பாறை அல்லது சர்ச் கோபுரம், பின்னால் முகட்டில் ஒரு பள்ளம். படத்தில் பாறை அந்தப் பள்ளத்துக்கு நேர்கீழே இருந்தால், நீங்கள் நிற்கும் இடத்திலும் அப்படித் தெரியும்வரை இடம் வலமாக நகருங்கள். பாறை வலப்பக்கம் தள்ளித் தெரிந்தால் நீங்களும் வலப்பக்கம் நகர வேண்டும். இது முடிந்தபின் முன்பின் நகர்வு: இரண்டு பக்கமும் இருக்கும் அண்மைப் பொருள்களின் இடைவெளியைத் தொலைவில் இருப்பவற்றோடு ஒப்பிடுங்கள், அண்மையில் இருப்பவை படத்தில் இருப்பதைவிட அகன்று தெரிந்தால் பின்னால் போக வேண்டும். கடைசியில் உயரம். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்து தெரியும் என்பதை முடிவுசெய்வது நிற்கும் இடம் மட்டும்தான், லென்ஸ் இல்லை. அதனால் லென்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் கொஞ்சம் அகலமாகவே எடுத்து வீட்டில் வெட்டிக்கொள்ளலாம். நிழல் விழும் திசையை வைத்து நேரத்தையும் ஓரளவு சரிசெய்யலாம்.

பத்துக்கு ஐந்து இடங்களில் பழைய கேமரா நின்ற புள்ளியில் இன்று மரமோ மாடிவீடோ நிற்கும். நீண்ட கம்பின் நுனியில் கேமராவை மாட்டி, செல்போன் வழியாக இயக்கி மூன்று மீட்டர் உயரத்திலிருந்து முயலலாம். அதுவும் மறைத்தால், மறைக்கிற மரத்தையே அதே இடத்திலிருந்து எடுங்கள். அந்த இடத்துக்கு நடந்தது அதுதான். ஒருமுறை இடம் கிடைத்துவிட்டால் ஜிபிஎஸ் எண், ட்ரைபாட் உயரம், திசை, குவியத்தூரம், தேதி, நேரம் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று தொடர்ந்தால், அந்நிய மரங்களை வெட்டிய இடத்தில் புல் திரும்பி வருகிறதா, சீகை நாற்றே மறுபடி அடர்கிறதா என்பது நாலைந்து ஆண்டில் படத்திலேயே தெரிந்துவிடும்.

படம் காசாவதைப் பற்றி. காலண்டர் வேலை என்றால் படத் தேர்வு ஆடிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரி ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்று வெளியாகிவிடும். அக்டோபரில் படத்தைத் தூக்கிக்கொண்டு போனால் அதற்கடுத்த வருஷம்தான். தங்கும் விடுதிச் சுவர்களுக்குப் பெரிய பிரிண்ட் கேட்பார்கள். 12க்கு 18 அங்குலம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3600க்கு 5400 பிக்ஸல், அதாவது 2 கோடிக்குச் சற்றுக் குறைவு. 24 மெகாபிக்ஸல் கேமரா தாராளமாகப் போதும். 24க்கு 36 அங்குலத்துக்கு அதே கோப்பு 150 டிபிஐக்கு மேல் வரும், எட்டி நின்று பார்க்கும் சுவருக்கு அது குறையில்லை. மூட்டப் படங்களுக்குப் பளபளப்புத் தாள் ஒத்துவராது, காட்டன் மேட் தாளில்தான் வெள்ளைக்குள் வெள்ளை தெரியும். அச்சுக்கு அனுப்பும் முன் 0 முதல் 255 வரையான அளவில் வெண்மையை 245ல் நிறுத்துங்கள். 255 விட்டால் மை விழாத தாள் திட்டாகத் தெரியும்.

ஃப்ரேம் போடுவதிலும் ஈரம் வந்து நிற்கும். பிரிண்ட் கண்ணாடியைத் தொடவே கூடாது, 2 மி.மீ. மவுண்ட் போர்டாவது நடுவில் வேண்டும், அமிலமில்லாத வகை. தொட்டால் முதல் மழைக்காலத்திலேயே கண்ணாடியோடு ஒட்டி, பிரிக்கும்போது உரியும். ஃப்ரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் நடுவே காற்று ஓடும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள், உள்சுவரைக் காட்டச் சொல்லுங்கள். கெட்டுப்போனால் பேர் கெடுவது உங்களுக்கு.

கோப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 45 மெகாபிக்ஸல் கேமராவின் பதப்படுத்தாத ரா கோப்பு ஒன்று ஏறத்தாழ 50 எம்பி, ஆயிரம் படத்துக்கு 50 ஜிபி. மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனம், ஒன்று மலைக்குக் கீழே வேறு ஊரில். ஹார்ட் டிஸ்கும் கார்டும் அதே சிலிக்கா டப்பாவுக்குள் இருக்கட்டும். வெளியிடும் படத்தில் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டு, இடம் என்ற கட்டத்தில் தாலுகாவின் பெயர் மட்டும் போதும். ஆர்க்கிட், கூடு, சோலைமந்திக் கூட்டம் இவற்றுக்குக் கண்டிப்பாக. பழைய படத்தின் பிரதியைக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்கும்போது பின்பக்கம் பேர், ஊர், ஆண்டு எழுதிக் கொடுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தி முன்பக்கம் தடம் விழும், ஜெல் பேனா இந்த ஈரத்தில் கசிந்து அடுத்த படத்தில் ஒட்டும். மேட் தாள் என்றால் மெத்தென்ற 4பி பென்சில். பென்சில் ஏறாத வழவழப்புத் தாள் என்றால் தனித்துண்டில் எழுதி உறையோடு வைத்துவிடலாம்.